நீலச் சட்டை போட்டவன் எல்லாம் நம்ம ஆளா?



முதல்ல ஒரு கேள்வி. நள்ளிரவு நேரம். அன்ரிசர்வ்டு பெட்டி. உங்க டீம் அன்னைக்குத்தான் கப் அடிச்சிருக்கு. நீலக் காலர் தெரிய ஒருத்தன் பையோட ஏறுறான். நீங்க என்ன பண்ணுவீங்க?

நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சேன். கதை அங்கதான் ஆரம்பிக்குது.

2018 மார்ச் 17, சனிக்கிழமை. நான் அப்போ செகண்ட் இயர் மெக்கானிக்கல். ஐ.எஸ்.எல். ஃபைனல், பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். நம்ம சென்னையின் எஃப்.சி.க்கு எதிரே பெங்களூரு எஃப்.சி., அதுவும் அவங்க சொந்த மைதானத்தில். லீக் டேபிளில் அவங்க 40 புள்ளியோட முதல் இடம். நாம 32 புள்ளியோட இரண்டாவது. ஐ.எஸ்.எல்.லுக்கு அவங்க வந்த முதல் சீசனே அதுதான். வந்த வேகத்துல கப்பையும் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு ஊரே பேசிக்கிட்டு இருந்தது.

திங்கட்கிழமை எனக்கு இன்டர்னல், தெர்மோடைனமிக்ஸ். வீட்டில் "கோயம்புத்தூர்ல சிம்போசியம், பேப்பர் பிரசன்டேஷன்" என்று சொல்லியிருந்தேன். அம்மா நம்பினாங்க. அப்பா "ம்" என்று மட்டும் சொன்னார். அப்பா வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஏரியாவைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: வடசென்னையில் கிரிக்கெட் பேட்டை விட ஃபுட்பால் அதிகம் உருளும் இடம், "மினி பிரேசில்" என்று பட்டப்பேரே உண்டு. அந்த சீசன் சென்னையின் டீமில் இருந்த தனபால் கணேஷ் அங்கிருந்து வந்தவர்தான். ஆக, எங்க வீட்டுக்கு இது வெறும் மேட்ச் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னையில் நடக்க வேண்டிய செமிஃபைனலையே புனேவுக்கு மாத்தினாங்க, ஞாபகம் இருக்கா? அந்த மாசம் கோவாவில் நாம முதல் கப் அடிச்சதை, இன்னும் சேறு முழுசாப் போகாத ஹாலில் உட்கார்ந்து நானும் அப்பாவும் பார்த்தோம்.

சரி, பெங்களூருக்கு வருவோம். நாங்க மூணு பேர். ஒருத்தன் எங்க கிளாஸ்மேட். இன்னொருத்தனுக்கு ஹாஸ்டலில் வச்ச பேரு "விசில்". நாலு விரலை வாயில் வச்சு அவன் ஊதினா மெஸ் மாஸ்டரே சட்டினியைக் கீழே போட்டுடுவார்.

மேட்ச் பார்த்தவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா: 9-வது நிமிஷம் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். ஸ்டேடியம் அதிர்ந்தது. "வெஸ்ட் பிளாக் புளூஸ்" என்று அவங்க ரசிகர் கூட்டம் ஒண்ணு இருக்கு, மேற்கு ஸ்டாண்டில் நின்னுக்கிட்டே பாடுவாங்க. அந்தச் சத்தத்தில் எங்க மூணு பேர் குரல் எங்களுக்கே கேட்கலை. 17-வது நிமிஷம் நமக்கு ஒரு கார்னர். மெயில்சன் ஆல்வெஸ் எகிறி ஒரு முட்டு. 45-வது நிமிஷம் மறுபடியும் கார்னர், மறுபடியும் ஆல்வெஸ், மறுபடியும் தலை. ஒரு டிஃபெண்டர் ஃபைனலில் ரெண்டு கோல்! 67-வது நிமிஷம் ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து அடிச்சது மூணாவது. இஞ்சுரி டைமில் மிக்கு ஒண்ணைத் திருப்பிக் கொடுத்து எங்க வயித்தில் புளியைக் கரைச்சார். ஆனாலும் 3–2. கப் நமக்கு.

இனிமேல்தான் இந்தக் கட்டுரை. ஏன்னா மேட்சைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. மேட்ச் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியைப் பத்தி யாரும் எழுதுறதில்லை.

ஸ்டேடியத்துக்குப் போகும்போது உங்களுக்கு வழி தெரியும், நேரம் தெரியும், சாப்பாட்டுக் காசு தனியா இருக்கும். திரும்பும்போது எதுவுமே இருக்காது. எங்க ரிட்டர்ன் டிக்கெட் ஆன்லைனில் போட்ட வெயிட்டிங் லிஸ்ட். சார்ட் போட்டதும் அது தானாவே கேன்சல் ஆகிடும் என்ற பாடத்தை அன்னைக்குத்தான் கத்துக்கிட்டோம். கப் தூக்குறதைப் பார்க்காம வர மனசு வரலை. அதனால் சென்னை மெயிலை விட்டோம். கப்பன் பார்க் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் இறங்கி, ஜெனரல் டிக்கெட் எடுத்துக்கொண்டு, மைசூரிலிருந்து வரும் காவேரி எக்ஸ்பிரஸுக்காக நின்றோம்.

அங்கே போனா தலை சுத்துது. மறுநாள் யுகாதி. கர்நாடகாவில் லீவு. பாதி பெங்களூரு பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருந்தது. ஜெனரல் பெட்டிக்குள் நாங்க எப்படிப் போனோம் என்பதை ஃபிளூயிட் மெக்கானிக்ஸ் வச்சுத்தான் விளக்க முடியும். உள்ளே எங்களை மாதிரியே மேட்ச் பார்த்துவிட்டு வந்த வேறு பசங்களும் ஒரு பத்துப் பேர் இருந்தாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க. ஆனா ஜெயிச்ச ராத்திரியில் தெரியாதவன் என்று யாரு இருக்கா? வண்டி நகர்ந்ததும் ஒருத்தன் பெட்டியின் தகரத்தைத் தட்டி கானாவை ஆரம்பிச்சான். விசில் ஷூவைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு லக்கேஜ் ரேக்கில் ஏறிக்கொண்டான். மற்றதை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

அடுத்து கன்டோன்மென்ட் ஸ்டேஷன். எங்க வயசுப் பையன் ஒருத்தன் ஏறினான். ஒல்லியா, மேலே ஒரு கறுப்பு ஜாக்கெட், பாதி ஜிப் போட்டிருந்தது. கழுத்துப் பக்கம் நீலக் காலர். தோளில் பையை முன்பக்கமா மாட்டி, ரெண்டு கையாலும் அணைச்சுப் பிடிச்சிருந்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். சென்னையினோட நிறமும் நீலம். பெங்களூருவோட நிறமும் நீலம். பகலில் பக்கத்தில் நின்று பார்த்தா வித்தியாசம் தெரியும். ராத்திரி ரயில் பெட்டியின் மங்கல் வெளிச்சத்தில், தொண்டை கட்டிப்போய் நிற்கும் எனக்கு எங்கே தெரியும்?

"நம்ம ஆளு ஒருத்தன் வந்துட்டான்டா!" என்று கத்தி, கட்டிப்பிடிச்சு, அவனை நடுவில் இழுத்து விட்டேன். எல்லாரும் முதுகில் தட்டினாங்க. ஒருத்தன் பிஸ்கட் கொடுத்தான். "எப்புட்றா ஆல்வெஸ் ஹெட்டர்?" என்று கேட்டேன். அவன் லேசா சிரிச்சு, "சூப்பர் மச்சா" என்றான். பாடச் சொன்னோம். வாயை அசைச்சான். கையைத் தூக்கச் சொன்னோம். ஒரு கையைத் தூக்கினான். இன்னொரு கை பை மேலேயே இருந்தது. கூச்ச சுபாவம் போல என்று நினைச்சுக்கிட்டேன்.

பங்காருப்பேட்டை தாண்டியிருக்கும். பாட்டு உச்சத்தில் இருந்தது. ரேக்கின் மேலிருந்து விசில், "கொடி வேணும்டா, கொடி!" என்று கத்தினான். எங்க கொடியை ஸ்டேடியம் வாசலிலேயே தொலைச்சிருந்தோம். சுத்திப் பார்த்தேன். அந்தப் பையனின் பை ஜிப் இடுக்கில் நீலத்துணி ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"வச்சுக்கிட்டே இல்லைன்னு நிக்கிறியேடா!" என்று சொல்லி நான் அதைப் பிடிச்சு இழுத்தேன். "மச்சா, வேணாம்… மச்சா" என்றான். நான் இன்னும் வேகமா இழுத்தேன்.

விரிஞ்சு வந்தது ஸ்கார்ஃப். அதில் இருந்தது பெங்களூரு எஃப்.சி.யின் பேரும் சின்னமும்.

ஒரு ரெண்டு செகண்ட் பெட்டியே அமைதி. அப்புறம் யாரோ, "டேய், எதிர் பார்ட்டிடா இவன்!" என்று கத்த, ஊளைச் சத்தம். "தூக்கி வெளியில போடுடா அதை" என்று இன்னொரு குரல். ஸ்கார்ஃபைத்தான் சொன்னான். ஆனா கேட்கிறவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இன்னைக்கு யோசிச்சுப் பார்க்கிறேன். அந்தப் பையன் மண்டி போட்டான். எங்களைப் பார்த்து பயந்து கும்பிடப் போறான் என்று நினைச்சேன். உண்மையைச் சொல்லணும்னா, ஒரு நொடி எனக்கு அது பிடிச்சிருந்தது.

அவன் கும்பிடலை. ஸ்கார்ஃபைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. தரையில் கையை வச்சுத் துழாவினான்.

"தோடு… தோடு விழுந்துடுச்சு மச்சா. பாப்பாவோட தோடு."

ஸ்கார்ஃபுக்குள் சுருட்டி வச்சிருந்த சின்ன சிவப்பு நகைப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே எதுவும் இல்லை. கடையில் சுத்திக் கொடுக்கும் ரோஸ் பேப்பர் மட்டும் யாரோட காலடியிலோ நசுங்கியிருந்தது.

அந்தப் பெட்டியில் ஜன்னலோரம் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாங்க. அதுவரைக்கும் எங்க சத்தத்துக்குக் காதில் முந்தானையை அடைச்சுக்கொண்டு கண்ணை மூடியிருந்தவங்க. அவங்கதான் எழுந்தாங்க. "எவனும் காலைத் தூக்கக் கூடாது! நின்ன எடத்துல நில்லுங்கடா!" என்று போட்டாங்க ஒரு சத்தம். நம்புங்க, ரெஃப்ரியின் விசிலுக்குக்கூட அப்படி யாரும் நின்றதில்லை. பெட்டி முழுக்க அப்படியே உறைஞ்சது. ஒவ்வொரு செல்ஃபோனா டார்ச் எரிஞ்சது. ஊளை விட்டவனே முதலில் குனிஞ்சான். பைகளை ஒவ்வொண்ணாத் தூக்கி உதறி மேலே கொடுத்தோம். செருப்பு, ஷூ, தண்ணி பாட்டில் எல்லாத்தையும் ஓரம் கட்டினோம். தூங்கிக் கொண்டிருந்த ஒரு அண்ணனை எழுப்பி, அவர் விரிச்சிருந்த பேப்பரைக்கூட விடலை.

ஒரு தோடு கிடைச்சது. பாட்டியின் கூடைக்கு அடியில். கடுகை விடக் கொஞ்சம் பெருசு, நடுவில் சிவப்புக் கல். இன்னொண்ணு கிடைக்கலை.

ஜோலார்பேட்டை வரைக்கும் தேடினோம். அப்புறம் அவன் தேடுறதை நிறுத்திவிட்டு, கதவோரம் தரையில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சாரி" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரலை. அதுவும் கட்டிப்போன தொண்டையில் பாதிதான் வெளியே வந்தது.

கொஞ்ச நேரம் கழிச்சு அவனே பேசினான். வீடு அல்சூர் பக்கம் கௌதமபுரா. டூ-வீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அக்காவைக் காட்பாடியில் கட்டிக் கொடுத்திருக்கு. யுகாதி நல்ல நாள் என்று அக்கா பொண்ணுக்குக் காலையில் காதுகுத்து. அவன் ஒரே தாய்மாமன். அவன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்கணும். அப்பா, அம்மா எல்லாம் முந்தின நாளே போயிட்டாங்க. இவன் மட்டும் ஃபைனலைப் பார்த்துவிட்டு ராத்திரி வண்டியில் வர்றதா சத்தியம் பண்ணிவிட்டு, வெஸ்ட் பிளாக்கில் நின்று பாடி, தோத்து, வீட்டுக்கு ஓடிப்போய் தோட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கான். தோடு அவன் சம்பளத்தில் சேர்த்து வாங்கினது. ஜெனரல் பெட்டியில் நகையோட வர்றோமே என்று, பத்திரமா இருக்கட்டும்னு ஸ்கார்ஃபுக்குள் சுருட்டி வச்சிருக்கான்.

"ஏன்டா முன்னாடியே சொல்லலை, நீ பெங்களூரு ஃபேன்னு?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எப்படி மச்சா சொல்றது? நீங்க இத்தினி பேரு. நான் ஒருத்தன். கையில நகை வேற இருந்துச்சு."

மக்களே, இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுறேன். கன்டோன்மென்டிலிருந்து நாங்க அவன் கூடக் கொண்டாடிக் கொண்டிருந்ததா நினைச்சோம். பிஸ்கட் கொடுத்தோம், முதுகில் தட்டினோம், நடுவில் நிக்க வச்சோம். அவ்வளவு நேரமும் அவன் பயந்து போய் நின்றிருக்கான். எனக்குக் கூச்சம் என்று தெரிஞ்சது அவனுக்குப் பயம். நாங்க யாரையும் அடிக்கலை, கெட்ட வார்த்தையில் திட்டலை. நாங்க நல்ல பசங்கதான். ஆனா அது எங்களுக்குத்தானே தெரியும்? புதுசா ஏறினவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் பத்துப் பதிமூணு பேர், பெரிய சத்தம், மூடின பெட்டி, அடுத்த ஸ்டேஷனுக்கு இன்னும் நேரம் இருக்கு என்பது மட்டும்தான்.

அப்புறம் நாங்க ஃபுட்பால் பேசினோம். வேறென்ன பேச? "எங்க ஏரியாவுல பெலேவுக்கு சிலை இருக்கு, தெரியுமா?" என்றான். நான் நம்பலை. ஃபோனில் ஃபோட்டோ காட்டினான். நிஜமாவே இருந்தது. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோட வரிசையில், மஞ்சள் ஜெர்சியில் பெலே. தமிழ் பேசுறவங்க நிறைய பேர் இருக்கும் ஏரியா. அங்கேயும் சின்னப் பசங்க நடக்கக் கத்துக்கிட்டதும் பந்தைத்தான் உதைப்பாங்களாம். "எங்களை மினி பிரேசில்னு சொல்வாங்க" என்றான்.

"டேய், அது எங்க ஏரியாவோட பேருடா" என்றேன். அந்த ராத்திரியில் அவன் முதல் தடவையா நிஜமா சிரிச்சான். ஒரே பேரு, ஒரே பாஷை, ஒரே நிறம். 3–2 மட்டும்தான் நடுவில் இருந்தது.

காட்பாடி வந்தது. இன்னும் விடியலை. கிடைச்ச ஒரு தோட்டை ரோஸ் பேப்பரில் மடிச்சு சட்டைப் பையில் வச்சுக்கிட்டான். நம்பர் வாங்கிக்கொண்டேன். "கிடைச்சா சொல்லு மச்சா. கிடைக்கலேன்னா விடு, ஒரு காதுக்கு அக்கா ஏதாச்சும் பார்த்துக்கும்" என்றான். பாட்டி அவன் தலையில் கை வச்சு ஏதோ சொல்லி அனுப்பினாங்க. ஸ்கார்ஃபை நான் மடிச்சுக் கொடுத்தேன். வண்டி கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம் எங்க பெட்டியில் யாரும் பாடலை.

அரக்கோணம் நெருங்கும்போது, டீ வாங்க இறங்கலாம் என்று விசில் ஷூவை மாட்டினான். "என்னடா இது, கல்லு குத்துது" என்று கழற்றிக் கவிழ்த்தான். டக்கென்று தரையில் விழுந்தது சிவப்புக் கல் தோடு.

அந்த ஷூவைத் தூக்கி ஓரம் கட்டினதே நான்தான். உள்ளே பார்க்கணும்னு தோணலை. மூணு செமஸ்டர் இன்ஜினியரிங் முடிச்ச மூளை!

ஃபோன் பண்ணினேன். அவன் உடனே எடுத்தான். "சூப்பர் மச்சா! ஒண்ணும் அவசரம் இல்ல, கொரியர் பண்ணு" என்றான். அவன் குரலுக்குப் பின்னாடி பாத்திரச் சத்தமும், ஒரு அம்மா "எங்கடா இன்னொண்ணு?" என்று கேட்கிறதும் கேட்டது. வண்டி பிளாட்ஃபாரத்தில் நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிட்டேன். "டேய், நாளைக்கு தெர்மோடா!" என்று விசில் கதவில் நின்று கத்தினான். வண்டி அவங்களை மட்டும் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனது.

கப் அடிச்ச டீமோட ரசிகன் நான், விடியற்காலையில் வந்த வழியே திரும்பிப் போனேன். புதுசா ஒரு ஜெனரல் டிக்கெட். தோடு என் சட்டைப் பையில். சோளிங்கர், வாலாஜா ரோடு என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்த அறுபது கிலோமீட்டரில்தான் அவன் ஏன் ஒரு கையை மட்டும் தூக்கினான் என்று எனக்குப் புரிஞ்சது.

ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். வேட்டி, புதுச் சட்டை. "இதுக்காக இறங்கி வந்தியா?" என்று கேட்டுவிட்டு, பைக்கில் ஏத்தி நேரா மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டான். சென்னையின் ஜெர்சியில், வியர்வை நாத்தத்தோட, பட்டுப்புடவைகளுக்கு நடுவில் நான். "இவரு யாரு?" என்று ஒரு மாமா கேட்டார். "எதிர் டீமு" என்று சொல்லிச் சிரிச்சான்.

தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வச்சாங்க. மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி வாயில் ஏதோ பேசி விளையாட்டுக் காட்டிக்கொண்டே டக்கென்று குத்தினார். மக்களே, அந்தக் குழந்தை போட்ட சத்தத்துக்கு முன்னாடி வெஸ்ட் பிளாக் எல்லாம் ஒண்ணுமே இல்லை. ரெண்டு காதிலும் சிவப்புக் கல் ஏறினதைப் பார்த்தப்போ, ஆல்வெஸ் ரெண்டாவது கோலுக்குக்கூட எனக்கு அப்படி மூச்சு வந்ததில்லை. யுகாதி என்பதால் சாப்பாடு சைவம். வேலூர் வரைக்கும் வந்தும் பிரியாணி கிடைக்கலை என்பது மட்டும்தான் குறை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். காலையில் வர வேண்டியவன். அம்மா வாசலிலேயே நின்றாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி என் கையைப் பார்த்தாங்க. மண்டபத்தில் கொடுத்த தாம்பூலப் பை. அதில் கொட்டை எழுத்தில் "காதணி விழா" என்று போட்டு, கீழே காட்பாடி விலாசம்.

"ஏன்டா, கோயம்புத்தூர் சிம்போசியத்துல காதுகுத்தா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கலை. "கணேஷ் எப்படி ஆடினான்?" என்று மட்டும் கேட்டார். எல்லாத்தையும் சொன்னேன். கட்டிப்பிடிச்சதை, இழுத்ததை, அவன் மண்டி போட்டப்போ ஒரு நொடி எனக்கு என்ன தோணுச்சு என்பதைக்கூட. அப்பா பேப்பரை மடிச்சு வச்சார். "நாங்களும் ஜெயிச்சுட்டு வந்தா எலெக்ட்ரிக் டிரெய்ன்ல ஆட்டம் போட்டுக்கிட்டுதான் வருவோம். எவன் பயந்தான்னு நாங்க திரும்பிப் பார்த்ததே இல்ல" என்றார். வேறு எதுவும் சொல்லலை. (தெர்மோ இன்டர்னலில் எவ்வளவு வாங்கினேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.)

சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2019 மார்ச் 17. அதே தேதி. மும்பையில் ஃபைனல், பெங்களூருவும் கோவாவும். எக்ஸ்ட்ரா டைமில் ராகுல் பேகே தலையால் முட்டி பெங்களூரு 1–0 என்று கப் அடிச்சது. நான் வீட்டிலிருந்து அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "இன்னைக்கு நீ சத்தம் போடு மச்சி." பதிலுக்கு ஒரு ஃபோட்டோ வந்தது. அக்கா பொண்ணு, கழுத்தில் அதே ஸ்கார்ஃப், காதில் அதே தோடு.

2020 மார்ச் 14, மறுபடியும் நாம ஃபைனலில். கோவாவில், ஏ.டி.கே.வோட. கொரோனாவால் ரசிகர்களையே உள்ளே விடலை. காலி ஸ்டேடியத்தில் 3–1 என்று தோத்தோம். டி.வி.யில் பந்தை உதைக்கிற சத்தம் தனியாக் கேட்டது. அது முடிஞ்சதும் எனக்குத் தோணினது, இன்னைக்கு மேட்ச் பார்த்துவிட்டு ரயிலில் வீட்டுக்குப் போக ஒரு ஆள்கூட இல்லையே என்பதுதான். அடுத்த பத்து நாளில் ரயிலும் நின்றுபோனது. ஃபைனல் இயரான நான் அப்போ வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், காவேரி எக்ஸ்பிரஸ் ஓடவில்லை. அந்த ஜெனரல் பெட்டியின் நெரிசலுக்காக ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்.

வண்டி மறுபடியும் ஓட ஆரம்பிச்சது. மேட்சும் நடக்க ஆரம்பிச்சது. அதனால் ஜூனியர்ஸ் நீங்க கட்டாயம் அவே மேட்ச்சுக்குப் போங்க. வெயிட்டிங் லிஸ்டை நம்பாதீங்க. வீட்டில் சொல்லிட்டுப் போங்க. இல்லைன்னா தாம்பூலப் பையையாவது வெளியே வச்சுட்டு வாங்க. ஜெயிச்சா நல்லா சத்தம் போடுங்க, அதுக்குத்தானே போறோம். ஆனா நீலச் சட்டையில் ஒருத்தன் ஏறினா, கட்டிப்பிடிக்கிறதுக்கு முன்னாடி "எந்த டீம் மச்சி?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்ல அவன் தயங்கினா, பாட்டைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுங்க.